கரி பஸ்ஸின் தளர்ந்த மூடி

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காததால், எங்கள் பழைய பூந்தமல்லி பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைப் பொருத்தி, அதன் வாயுவில் ஓட்டுகிறேன். போன மாதம் வண்டி சில நாள் சீராக ஓடும், சில நாள் திணறும். ஈரக் கரிதான் காரணம் என்று நினைத்து மூட்டை மூட்டையாக மாற்றினேன்.

ஒருநாள் ஆவடி மண்சாலையில் ஆள் ஏற்ற நிறுத்தியபோது, பின்சீட்டிலிருந்த கண்டக்டர் கோவிந்தன், "தல சுத்துது அண்ணாத்தே, கண்ணு இருட்டிக்கினு வருது" என்று சாய்ந்தான். எல்லோரையும் இறக்கி, அவனைத் தூக்கிப்போய் மரத்தடியில் காற்றாடப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து தண்ணீர் கேட்டான். எனக்கு உயிர் வந்தது.

பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன். மண்சாலைக் குலுக்கலில் மூடி தளர்ந்து, நிற்கும்போது விஷவாயு கசிந்திருக்கிறது. ஓடும்போது அதே இடுக்கு வழியாக வெளிக்காற்று புகுந்ததுதான் திணறலுக்கும் காரணம்.

இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடியை நானே முடுக்குகிறேன். வண்டி திணறுவதில்லை. கோவிந்தன் மட்டும் பின்சீட்டுக்குத் திரும்ப மறுக்கிறான்.