பெயின்டர் அண்ணனின் முழுப்பெயர்

பெயின்டர் அண்ணனுக்கு வாய் நீளம். தன்னோடு பெயின்ட் அடித்து, சம்பளம் வராத நாலு பேரையும் தொழிலாளர் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தவரே அவர்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா பேனாவை எடுப்பதற்குள், "அந்தக் கட்டட கம்பெனிக்காரன் பேரை எழுதுங்கம்மா, எங்க வயித்துல அடிச்ச பாவி!" என்று ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க" என்ற அந்த அம்மா, மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "உங்களை வேலைக்குக் கூப்பிட்டது யாரு?"

"அண்ணன்தான்."

"எந்தச் செவரு, என்ன கலருன்னு யாரு சொல்லுவா?"

"அண்ணன்தான்."

"கூலி பேசினது?"

நால்வரும் நகத்தில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டினார்கள்.

"கம்பெனிக்காரன் எனக்கே பாக்கி வெச்சிருக்கான்மா..." என்று அண்ணன் ஆரம்பித்தார். ஆனால், சாரத்தின் மேல் நின்றுகொண்டு, "இங்க முதலாளி நான்தான்டா, எதுவானாலும் என்கிட்ட கேளு" என்று தான் போட்ட அதட்டல் ஞாபகத்துக்கு வந்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"கம்பெனி உங்களுக்குத் தரவேண்டியது தனி விவகாரம். இவங்களுக்கு முதலாளி நீங்கதான்" என்றார் அந்த அம்மா. பிறகு அவர்களிடம், "இவரு முழுப்பேர் என்ன?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணே, அண்ணே என்றே காலத்தை ஓட்டியவர்கள்.

"பெயின்டர் அண்ணன்னு போட்டுக்கங்களேன்" என்றான் ஒருவன், பாவமாக.

அண்ணன் தரையைப் பார்த்தபடி தன் பெயரைச் சொன்னார்.

"கேக்கலை" என்றார் அந்த அம்மா. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."