வீட்டுக்கு என்று வைத்த நெல்

எங்களுக்கு இரண்டு கழனி. ஒன்று ஊருக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம், கிணற்றுப் பாசனம். மற்றொன்று பெண்ணையாற்றங்கரையில். கிணற்றுக் கழனியில் விளைவது வியாபாரிக்கு. அதற்கு யூரியா, பூச்சி மருந்து எல்லாம் உண்டு. ஆற்றங்கரையில் விளைவது வீட்டுக்கு. அதில் ஒரு சொட்டு மருந்து விழ என் வீட்டுக்காரர் விடமாட்டார். மாட்டெரு, வேப்பம் புண்ணாக்கு, ஆற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஆற்றுத் தண்ணீரில் விளைந்த அரிசிக்கு இருக்கும் ருசி வேறெதற்கும் வராது என்பது அவர் கட்சி.

இதில் இருந்த கள்ளத்தனம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மருந்தடித்ததை ஊரார் தலையில் கட்டிவிட்டு, அடிக்காததை நாங்கள் தின்றோம். எங்கள் பக்கம் நிலம் வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். வீட்டுக்கு என்று ஒரு துண்டு தனியாக இருக்கும். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சங்கராபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். அறுவடை முடிந்து நெல்லை மில்லில் அரைத்ததும், அவளுக்கென்று ஒரு மூட்டையைத் தைத்து, பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் லக்கேஜுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இவரே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவார். மாப்பிள்ளை வீட்டில் அரிசிக்கு என்ன பஞ்சமா? "எம் பொண்ணு கடை அரிசி துன்னக் கூடாது" என்பார். மகள் வளர்ந்த பிறகு இவருக்கு அவளிடம் பேச வார்த்தையே கிடையாது. போனில் "சாப்டியா பாப்பா?" "சாப்டேன்பா." அதோடு போன் என் கைக்கு வந்துவிடும். மீதிப் பேச்சையெல்லாம் அந்த மூட்டைதான் பேசியது.

ஆற்றில் அவ்வப்போது நுரை வருவதைப் பார்த்திருக்கிறோம். மேலே எங்கோ கம்பெனிக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று பேச்சு. நுரை ஓடிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும், நாங்களும் மறந்துவிடுவோம். தெளிந்த தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது?

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த சமயம் அது. வளைகாப்பு முடிந்து அழைத்து வந்திருந்தோம். அதற்குக் கொஞ்சநாள் முன்பு விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கரையோரம் வந்து, ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து, மண்ணையும் இரண்டு பிடி நெல்லையும் கவரில் போட்டு எடுத்துப்போனார்கள். வெயிலில் வாடிப்போயிருந்த ஒரு பெண்ணுக்கு நான் மோர் கொடுத்தேன். அந்தப் பெண்தான் பிறகு இவருக்குப் போன் செய்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

எனக்குத் தெரிந்தது சோறுதான். ஒருநாள் வடித்த சோறு வேறு மாதிரி இருந்தது. மணமே இல்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். சாக்கு எங்கள் சாக்கு, அரிசி கடை அரிசி. பின்கட்டு அறையில் வீட்டு நெல் கூரையைத் தொடுகிறது, இவர் திருக்கோவிலூர் பாய் கடையில் அரிசி வாங்கி, அக்கம்பக்கம் பார்க்காமல் இருக்க நம் சாக்கில் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்! எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க, மானம் போறதுக்கா? வூட்ல நெல்ல அடுக்கி வெச்சிக்கினு கடை அரிசி வாங்கியாந்திருக்கீங்க?"

"மெதுவா பேசு. பாப்பா காதுல வுழும்."

வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஆற்றுத் தண்ணீரில் ஈயம், காட்மியம் எல்லாம் ஜாஸ்தியாம். மண்ணில் ஏறி, நெல்லிலும் ஏறியிருக்கிறதாம். கண்ணுக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது, வேகவைத்தாலும் போகாதாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் கண்டிப்பாகச் சாப்பிடக்கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். கிணற்றுத் தண்ணீரில் உப்பைத் தவிர ஒன்றுமில்லையாம்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவளுக்கு இத்தத்தான குடுத்தனுப்புனோம்?" என்றேன்.

"குடுத்தனுப்புனோமா? நான்தானே தலைல வெச்சி தூக்கிம்போனேன்" என்று சொன்னவர், மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. மாட்டை மட்டும் விடவேயில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மனிதரிடம் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமே எனக்குப் புத்தி குறுக்கே போனது. "அந்த நெல்ல வியாபாரி கையில தள்ளி வுட்ருங்க. அவன் இன்னா டெஸ்ட்டா பண்ணப் போறான்?" என்றேன்.

"அத்தத் துன்றதும் எவனோ ஒருத்தன் பெத்த பொண்ணுதானே?" என்று மட்டும் சொன்னார். பிறகு ஆற்றங்கரைக் கழனியின் மூலையில் ஆளை விட்டுப் பள்ளம் வெட்டச் சொன்னார். விளைந்த இடத்திலேயே நெல்லைக் கொட்டி மூடினோம். கோழி கிளறிவிடும் என்று மேலே முள் வெட்டிப் போட்டார். ஊரில் சிலர் சிரித்தார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் தங்கள் வீட்டு நெல்லைப் பார்க்கப் போனார்கள்.

மகளிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து நான் விவரம் சொன்னேன். பயப்பட வேண்டாம், நிறுத்தியது நல்லது, நன்றாகச் சாப்பிடட்டும், குழந்தையைக் கவனித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பேத்தி பிறந்தாள். இவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். மருமகன் வீட்டார் தாத்தாவுக்கு ஆசை என்று நினைத்தார்கள். அவர் என்ன தேடினார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்தது. பெட்டி, தொட்டில் துணி, கிரைப் வாட்டர் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. அவள் சுற்றிமுற்றிப் பார்த்தாள்.

"யப்பா, மூட்ட எங்க?"

பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். இவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், முதலிலிருந்து கடைசி வரை அவரே சொன்னார். நுரை வந்தது, பாட்டிலில் தண்ணீர் பிடித்தது, பள்ளம் வெட்டியது எல்லாம். "நல்லதுன்னு நெனச்சித்தான் பாப்பா குடுத்தேன்" என்று முடித்தார்.

மகள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கும்.

"அதுக்குன்னு இனிமே எனக்கு அரிசி எடுத்தார மாட்டியா?"

"எத்த எடுத்தார்றது? பாய் கடை அரிசி மாதிரி உங்க தெருக் கடையிலயே கெடைக்குமே."

"எங்க தெருக் கடையிலேர்ந்து நீயா எடுத்தார்ற? எந்த அரிசியோ இருக்கட்டும்பா. நீதான் கொண்டாந்து எறக்கணும்."

அந்த ஒரு போகம் பாய் கடை அரிசிதான் போயிற்று. "இன்னாங்க, நெல்லு வெளைவிக்கிறவரு எங்கிட்ட வந்து நிக்கிறீங்க?" என்று பாய் கேட்டாராம். "பொண்ணுக்குங்க" என்றாராம் இவர். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, முறத்தில் போட்டு இல்லாத கல்லைப் பொறுக்கி, நம் சாக்கில் கொட்டிக் கோணி ஊசியால் தைத்தார். அதே அரிசி சங்கராபுரத்திலும் கிடைக்கும், பஸ் சார்ஜ் தண்டம் என்று நான் சொன்னேன். அப்பனும் மகளும் காதில் போட்டுக்கொண்டால்தானே.

மறுபோகத்தில் கிணற்றுக் கழனி முழுக்க மருந்தை நிறுத்தினார். விளைச்சல் குறைந்தது; நான் முணுமுணுக்காமல் இல்லை. ஆற்றங்கரையில் இப்போது கனகாம்பரம் பூக்கிறது, அதை யாரும் தின்னப் போவதில்லை. வீட்டு நெல், வியாபாரி நெல் என்று எங்களிடம் இப்போது இரண்டு கிடையாது. நாங்கள் தின்பதைத்தான் விற்கிறோம். அந்தக் கல்லூரிப் பெண்ணிடமே நெல்லைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் மூட்டையைத் தைத்தார். உப்புத் தண்ணீர் அரிசி, பழைய ருசி இல்லை என்று அவருக்குக் குறைதான்.

கொண்டுபோய் இறக்கிவிட்டு அன்று சாயங்காலமே திரும்பினார். கை கால் கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார். நான் பரிமாறிக்கொண்டே, பேத்தி என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"மூட்டையப் பிரிச்சதும் தத்தித் தத்தி வந்து ஒரு புடி அள்ளி வாயில போட்டுக்கினா" என்றார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"நா தடுக்கல."