காலை ஆறு மணிக் குரல்

கோவில்பட்டி அமுதவள்ளிக்குப் பிழைப்பு லேப்டாப்போடுதான். காலை ஆறு மணிக்கு அவள் ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், விளாத்திகுளம் பக்கம் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளுக்குப் போன் போட்டு மழை நிலவரம் சொல்லும். நிரலை எழுதியவன் அவள் புருஷன் மந்திரமூர்த்தி. பேசுவதும் அவன் பதிந்து வைத்த குரல். ஆனி மாதம் கடம்பூர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். குரல் நிற்கவில்லை.

மாமியார் கோமதியம்மாளுக்கும் அந்தப் போன் வரும். "சரிய்யா, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, மகனுக்கும் சேர்த்து உலை வைப்பாள். சாவை அவள் நம்பவே இல்லை. முதலில் அந்தக் குரலை நிறுத்துங்கள் என்றார் அவளைப் பார்த்த டாக்டர்.

அமுதவள்ளி குரல் இருந்த ஃபோல்டரை அழித்தாள். மறுநாள் காலையும் அவன்தான் பேசினான். ஃபோல்டர் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி அழித்து, நெட்டைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கரில், "அண்ணாச்சி, இன்னைக்கு மழை இல்ல." படித்தவளுக்கு வரக்கூடாத பயம்தான், வந்துவிட்டதே, என்ன செய்ய?

அப்புறம்தான் புரிந்தது. மந்திரமூர்த்திக்கு எதையும் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. நிரலையும் அப்படியே பழக்கியிருந்தான். ஓடும்போது அதற்கு வேண்டிய கோப்புக்கட்டு, அதாவது பேக்கேஜ், ஏதாவது குறைந்தால், யாரையும் கேட்காமல் தானே நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். நெட் இல்லையென்றால் முன்பே ஒதுக்கி வைத்த நகலை எடுத்துவரும். தன் குரலையும் அப்படி ஒரு பேக்கேஜாக்கி நெட்டில் ஏற்றி வைத்திருந்தான் மகராசன்.

அந்த ஏற்பாட்டை நிறுத்தி, ஃபோல்டரை இன்னொரு தடவை அழித்துவிட்டு ஓட்டினாள். கிடைக்கவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நிரல் நின்றது. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர்கூட அவன் இனி இல்லையென்று அவளிடம் இப்படிப் பட்டென்று சொன்னதில்லை. கதவைச் சாத்தி, சத்தம் வராமல் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு தன் குரலைப் பதிந்து வைத்து, பட்டியலிலிருந்து மாமியார் நம்பரை எடுத்துவிட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குச் சம்சாரிகளுக்கு அவள் குரல் போனது. வீட்டில் போன் அடிக்கவில்லை. கோமதியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள். திரை இருட்டாகத்தான் இருந்தது.

"சரிய்யா," என்றாள். நிதானமாகக் கேட்டாள். லேசாகச் சிரித்தாள். "சொல்லுதேன்யா."

மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, நேத்து கதவச் சாத்திக்கிட்டு அழுதியாமே. அழுவாண்டாங்கான்." போனை நீட்டினாள். "இந்தா, லைன்லதான் இருக்கான்."

அமுதவள்ளி அதை வாங்கித் தன் காதில் வைத்தாள்.