ஆடு தின்னாத செடியும் அதைத் தின்றவர்களும்

இந்த மண்ணின் செடிகளை வைத்தே தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். செடிகள் தண்ணீர் அதிகம் கேட்காது, வீட்டுக்காரர்கள்தான் சதா விளக்கம் கேட்பார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களே, உங்களுக்காவது ஒழுங்காகத் தூக்கம் வருகிறதா?

உபகாரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரர் வீட்டில் தும்பையும் ஆவாரையும் வைத்தேன். நல்ல மழை பெய்தது. வேர் பிடித்திருக்கும் என்று பார்க்கப் போனால் வெறுந்தரை. ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய மச்சினர் மண்வெட்டியும் கையுமாக என்னை வரவேற்றார்.

"களையெல்லாம் சுத்தமா எடுத்தாச்சு. இனி நீங்க தைரியமாச் செடி வைக்கலாம்!"

பெயர்ப் பொருத்தம்

ராஜபாளையத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், வாசல் பாதையின் இரு பக்கமும் புல்தரை கேட்டார். புல் குடிக்கிற தண்ணீருக்கு அவர் கிணறு தாங்காது. ஆடுதின்னாப்பாளை போடலாம், தரையோடு படரும், பட்டாம்பூச்சி வரும் என்றேன். பட்டாம்பூச்சி அவர் காதில் விழவே இல்லை. தெரு ஆடுகளோடு அவருக்குத் தீராத சண்டை.

"பேருலயே உத்தரவாதம் இருக்குல்லா? போடுங்க தம்பி!"

புழு

செடி செழித்தது. மகளுக்கு நிச்சயதார்த்த நாளும் குறித்தார்கள். அந்த வாரம் பார்த்து இலை முழுக்கப் புழு, கறுப்பு உடம்பும் சிவப்பு முள்ளுமாக. பட்டாம்பூச்சியாகப் போகிறவை அவைதான். சந்தோஷப்பட வேண்டிய நான், நிச்சயத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன். கான்சாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசல் மொட்டையாக இருந்தால்? சுபேதார் மருந்து தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஆடு திங்காதுன்னீங்க, சரி. புழு திங்குதே தம்பி, அதப் பேருல சேக்கலையா?"

கெஞ்சல்

மருந்தடித்தால் அத்தனையும் செத்துவிடும், விட்டால் இலை தானாகத் துளிர்க்கும் என்று கெஞ்சினேன். நிச்சயத்துக்குள் துளிர்க்குமா என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை, துளிர்க்காது என்றேன். தெளிப்பானைக் கழற்றி வைத்தார். அது சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. தினமும் போய் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். அவர் மனைவி ஒருநாள் பிடித்துவிட்டார்.

"பூச்சி வரணும்னு தோட்டம் போட்டுட்டு, பூச்சி வந்ததும் இம்புட்டுப் பயப்படுற ஆளு நீங்க ஒருத்தர்தான் தம்பி."

நிச்சயம்

எனக்கும் அழைப்பு இருந்தது. வராவிட்டால் ஓடிவிட்டான் என்பார்களே என்று போனேன். பாதையின் இரு பக்கமும் வெறும் தண்டு. மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னண்ணே, நல்ல காரியத்துக்கு வாசல் இப்பிடி மொட்டையாக் கெடக்கு?" என்றார். தட்டுகளோடு பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். என்னால் இந்தச் சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். சுபேதார் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஒங்களுக்கு முந்தி வந்த விருந்தாளிக சாப்பிட்டுப் போயிருக்காவ, தாயி. நம்ம வாசலுக்கு வந்தவிய யாரும் பசியோட போறதில்ல."

கல்யாணமும் முடிந்தது, செடியும் துளிர்த்தது. ஆனால் புழு வந்தால்தான் தொழிலில் நான் ஜெயித்ததாக அர்த்தம் என்பதால், இனி அது வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.