மௌனத்தில் விழுந்த பொன்னாடை

எங்கள் ஊர் இசைக்குழு தன் வெள்ளிவிழாவை முன்னிட்டுச் சுற்றுவட்டாரத்தில் சில கச்சேரிகளை நடத்தியபோது, மேடையில் தொகுத்துரைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பேச்சுப் போட்டிகளில் கேடயங்களை வாங்கிக் குவித்தவனுக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும்?

குழுவுக்குச் சொந்தமான கிளாரினெட்டை என் அக்கா வாசித்தாள். அப்பாவுக்கு அதில் உடன்பாடில்லை. எலுமிச்சை லோடு ஏற்றிக் கேரளத்துக்கு லாரி ஓட்டுகிறவர் அவர்.

"பொம்பளப் புள்ள ஊர் ஊராப் போயி ஊதுததுக்கு என்ன அவசியம்?"

"ஒரு தடவ வந்து கேளுங்கப்பா. அப்புறம் வேண்டாம்னா விட்டுருதேன்" என்றாள் அக்கா.

"சங்கரன்கோவில் கச்சேரிக்கு வாரேன். கேட்டுட்டுச் சொல்லுதேன். சொன்னா சொன்னதுதான்."

எங்கள் ஊரான அங்கேதான் நிறைவுக் கச்சேரி. மற்ற ஊர்களில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. குருவிகுளத்தில் பிரமுகர் எவரும் வரவில்லை. ஆகவே இசைக்கு இடையூறும் வரவில்லை. சொந்த ஊரிலோ கல்யாண மண்டபத்தின் முன்வரிசை முழுதும் நன்கொடையாளர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பொன்னாடை.

லோடு ஏற்றுவதில் தாமதமாகிவிட்டதால், கடைசி உருப்படி தொடங்கிய பிறகே அப்பா வந்து கதவோரம் நின்றார். அந்த உருப்படியில் வயலின்களும் செல்லோக்களும் மெல்ல மெல்ல உயர்ந்து, உச்சத்தில் சட்டென்று எல்லாமே அடங்கிவிடும். அந்த மௌனத்திலிருந்து கிளாரினெட் மட்டும் தனித்து எழும். அதுவரை அக்காவுக்கு வேலையில்லை. வாத்தியத்தை மடியில் வைத்தபடி காத்திருந்தாள். அவள் கண் கதவையே பார்த்திருந்தது.

வாத்தியங்கள் அடங்கின. அக்கா கிளாரினெட்டை உதட்டுக்கு உயர்த்தினாள்.

எங்கள் ஊரில் மேடை அமைதியானால் அதற்கு ஒரே பொருள்தான்: பொன்னாடை நேரம். தலைமை தாங்கிய ஜவுளிக்கடை அண்ணாச்சி எழுந்து, படியேறி, குழுவை நடத்திய சாரின் தூக்கிய கைகளின் மேலேயே ஆடையைப் போர்த்திவிட்டார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. பின்னாலேயே இன்னும் நால்வர் ஏறினார்கள். நான் ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு, "அன்பர்களே, நிகழ்ச்சி இன்னும் நிறைவுறவில்லை!" என்று முழங்கினேன். அதையும் ஒரு வாழ்த்தாக எண்ணி மறுபடி தட்டினார்கள். கதவோரத்தில் அப்பாவைக் காணவில்லை.

நான் மேடையிலிருந்து குதித்து ஓடினேன். இன்ஜினை அணைக்காமலே நிறுத்தியிருந்த லாரியில் அப்பா ஏறி உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து ஏறினேன்.

"அப்பா, முடியலை! இனிமேத்தான் அக்கா வாசிப்பா!"

"எல்லாரும் வாசிச்சாவ. அவ சும்மாதாம்ல உக்காந்திருந்தா. சும்மா உக்காருததுக்கு வீட்டுல எடமில்லையா?"

"காத்திருக்குததும் வாசிப்புல சேர்த்திதாம்ப்பா."

"இத மைக்குல பேசு, கை தட்டுவாவ."

அப்போது மண்டபத்துச் சன்னல் வழியே கிளாரினெட் எழுந்தது. மெல்லிய, நீண்ட ஒற்றை ஒலி.

"அந்தா! கேளுங்க! இன்ஜினை அணைங்கப்பா!"

"பேட்டரி போயிருக்கு. அணைச்சா தள்ளி விட நாலு ஆளு வேணும். விடியமுன்ன சந்தையில எறக்கணும்ல."

அவர் தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக் கேட்டார். என் பொருட்டுத்தான் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். இன்ஜின் உறுமியது. "ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

தர்க்கம் எதுவும் கைகொடுக்கவில்லை. ஒத்திகைகளில் கேட்டுக்கேட்டு மனத்தில் பதிந்திருந்த அந்த மெட்டை நானே பாடத் தொடங்கினேன். என் குரலுக்குச் சுருதி என்பதே கிடையாது. இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் பாடினேன். கண்ணீர் வந்தது, அதையும் துடைக்காமல் பாடினேன்.

அப்பா ஸ்டியரிங்கில் கைவைத்து என்னையே பார்த்தார்.

"ஏலே, இதுக்கா இந்தப் பாடு படுதிய ரெண்டு பேரும்? எறங்கு மக்கா, நேரமாச்சு. அவட்ட சொல்லிரு, இன்னையோட போதும்."

லாரி செங்கோட்டைச் சாலைக்குத் திரும்பியது. உள்ளே மீண்டும் கைதட்டல். சற்றுப் பொறுத்து அக்கா கிளாரினெட்டோடு வெளியே ஓடி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா வந்துச்சுல! அப்பா கேட்டாங்களா?"

"கேக்கல" என்றேன். அப்பா சொன்னதையும் சொன்னேன்.

அவள் மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். வாத்தியத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றின் உள்ளேயும் துணியை இழுத்து ஈரத்தைத் துடைத்து, பெட்டிக்குள் அதனதன் குழியில் வைத்தாள்.

"இத சார்ட்ட குடுத்துரு" என்றாள். "நான் போனா அழுதுருவேன்."