தையல் மேசைக்கு ஒரு விளக்கு

மின்வெட்டு நாள்தோறும் வந்த காலத்தில், என் மனைவியின் தையல் மெசினுக்கு மேலே ஒரு எல்ஈடி விளக்குப் பொருத்தினேன். கப்பல்துறையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் மின்சாமான் திருத்தும் வேலைக்கும் இடம். ஒரு மூலையில் என் மேசை, யன்னலோரம் அவளுடையது. கூரையில் சோலார் தகடு, கீழே பழைய வான் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பன்னிரண்டு வோல்ற் பற்றறி.

முதலில், வோல்ற்றைக் குறைத்துத் தரும் சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்றைப் போட்டேன். எல்ஈடிக்கு அது சரிவரவில்லை. சூடேறச் சூடேறக் கரண்ட் கூடி, ஒன்று கருகிப்போனது. பிறகு, கரண்டை ஒரே அளவில் வைத்திருக்கும் பக் டிரைவர் ஒன்று வாங்கி, மூன்று எல்ஈடிகளைத் தொடராக இணைத்தேன்.

"பின்னேரமானா மங்குது," என்றாள் மனைவி.

உண்மைதான். மூன்றுக்கும் சேர்த்துப் பத்து வோல்ற்றுக்குக் கிட்ட வேண்டும்; டிரைவருக்கு அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும். பற்றறி இறங்கும்போது அது கிடைக்காது. இரண்டு எல்ஈடிகளோடு நிறுத்தி, கரண்டைக் கூட்டினேன். இப்போது விளக்கு மினுக்கியது. பற்றறியிலிருந்து வந்த வயர் மெல்லியது; கூடிய கரண்டை அது தாங்கவில்லை. தடித்த வயர் இழுத்து, டிரைவருக்கு அருகே ஒரு கப்பாசிற்றர் வைத்தபிறகு மினுக்கம் நின்றது.

"இப்ப எப்பிடி?"

"ஓம், நல்லாயிருக்கு."

சில நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண், மனைவி தைத்துக் கொடுத்த சட்டையோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, சட்டைக் கையில தையல் துணிக்கு வெளியால ஓடியிருக்கு."

மனைவி அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். "வெளிச்சம் காணாது, இன்னும் வேணும்," என்றாள்.

மீற்றரை வைத்தேன். கரண்ட் நான் வைத்த அளவிலேயே நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் மெசினுக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "எனக்கெண்டா கண் கூசுது அண்ணை," என்றாள். ஆனாலும் நான் டிரைவரை மாற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

புது டிரைவரை இணைத்து விளக்கைப் போட்டபோது மனைவி கேட்டாள்: "கத்தரிக்கோலை எங்க வைச்சனீங்கள்?"

கத்தரிக்கோல் அவளது இடக்கைக்குப் பக்கத்தில், விளக்கின் நேர்கீழே பளபளத்துக்கொண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் இரண்டு கண்களையும் நெடுநேரம் சோதித்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பின் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது என்றார்.

"போன பார்வை திரும்பாது. மிச்சத்துக்கு மருந்து விட்டுப் பார்ப்பம்."

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் இருந்தாள். பஸ் சீனன்குடாவைத் தாண்டியது.

"எப்ப இருந்து இப்பிடி?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. ஓரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இருட்டிக்கொண்டு வந்தது."

"அப்ப நல்லாயிருக்கெண்டு ஏன் சொன்னனீ?"

"நீங்கள் அவ்வளவு மினக்கெட்டுச் செய்தனீங்கள். லைற்றிலதான் பிழையெண்டு நானும் நம்பிக்கொண்டிருந்தனான்."

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மின்சுற்றில் பிழை என்றால் எங்காவது தேடிப் பிடித்துவிடலாம்.

மருந்துத் துளிகளைக் காலையும் மாலையும் நான்தான் விடுகிறேன். கொஞ்ச நாள் நேர்த் தையல் மட்டும் தைத்தாள். ஒருநாள் ஊசி விரலில் ஏறியது. அதோடு மெசினை மூடிவிட்டாள். கடைசியாகப் போனபோது மருத்துவர், கொஞ்சம் பார்வை மிஞ்சியிருந்த வலக்கண்ணையும் பார்த்துவிட்டு மருந்தை மாற்றி எழுதினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.