பதினோரு விதிகளும் ஒரு மாத்திரையும்

மும்பை மாட்டுங்காவில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்த என்னைத் தாராவித் தமிழ்ச் சங்கத்தார் ஞாயிறு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, ஏஐயை நேர்மையாகவும் பொறுப்பாகவும் பயன்படுத்தச் சொல்லித்தர வேண்டும். என் தகுதி: நிறையப் படிப்பவன், பொழுது போகாதவன். பதினோரு விதிகளைத் தமிழில் எழுதி அச்சடித்து, முதல் ஞாயிறு காலை 10.05-க்கு ஒன்பது பேருக்கும் கொடுத்தேன். நேரம் நாட்குறிப்பில் இருக்கிறது. எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் ஆட்டினார்கள்.

நான்காவது ஞாயிறு, வேலையில் ஏஐயை வைத்துச் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு தாளை நீட்டினாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்களுக்கான குறிப்பு. ஆங்கிலத்தில் இருந்ததை ஏஐ தமிழாக்கியிருந்தது.

“ஏஐ உள்ள யார் பேரும் போடல சார். நீங்க சொன்னீங்கல்லா,” என்றாள்.

தமிழ் அருமையாக இருந்தது, என்னுடையதைவிட. அந்த எரிச்சலில் வரிகளை எண்ணினேன். ஆங்கிலத்தில் ஆறு, தமிழில் ஐந்து. காணாமல் போன வரி: காலையில் சர்க்கரை மாத்திரை போடக் கூடாது. வெறும் வயிற்றில் அதைப் போட்டால் ஆள் மயங்கி விழலாம்.

“இத யாருக்காவது குடுத்தியா?”

“நேத்துதான் ஆரம்பிச்சேன். நாலு பேருக்கு. நாளைக்குக் காலைல வாராவ.”

“குடுக்கறதுக்கு முன்னாடி வாசிச்சுப் பாக்கணும்னு எழுதியிருக்கேனே, நாலாவது விதி!”

“எனக்குத் தமிழ் வாசிக்க வராது சார்.”

“இங்க யாருக்கு வரும்?” என்றான் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். “ஒங்க ஷீட்டயே போட்டோ எடுத்து ஏஐட்ட குடுத்து ஹிந்தில கேட்டுக்கிட்டோம். மஸ்த் ஷார்ட்டா, ஜோரா குடுத்துச்சு.”

போனைக் காட்டினான். ஏழு விதிகள். நாலாவதைக் காணோம். தவறு நடந்தால் நாமே போய்ச் சொல்ல வேண்டும் என்கிற ஒன்பதாவதும் இல்லை. மூன்று ஞாயிறும் இந்த ஏழுக்குத்தான் தலையாட்டியிருக்கிறார்கள். தமிழ் வாசிக்க வருமா என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை.

நாலு பேருடைய நம்பரும் முதலாளியின் ரிஜிஸ்டரில் இருந்தது. அவரிடம் சொல்லாமல் அவர்களைப் பிடிக்க முடியாது.

“சேந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. சொன்னா வேல போயிரும்,” என்றாள்.

“ஏட்டி, பழிய மிஷின் மேல போட்டுரு. காம் கதம், சோலி முடிஞ்சுது,” என்றான் கூரியர்காரன்.

“மிஷினா போய்த் தாள நீட்டுச்சு? நான்லா நீட்டுனேன்.”

10.50-க்கு முதலாளியை அழைத்தாள். அவர் ஹிந்தியில் ஒன்பது நிமிடம் திட்டினார். இவள் “கல்தி மேரி ஹை”, தப்பு என்னுடையது, என்று இரண்டு முறை சொன்னாள். ஒன்பதாவது விதியை அவள் வாசித்ததே இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

நம்பர்கள் வந்தன. மூன்று பேர் உடனே எடுத்தார்கள். நாலாவது ஆளை 12.40-க்குத்தான் பிடிக்க முடிந்தது.

“தாளா?” என்றார் அவர். “எனக்கும் வாசிக்க வராதும்மா. வாயால சொல்லு.”

சொன்னாள். திரும்ப அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

வேலை தப்பியது. முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்: தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்த பிறகே எந்தத் தாளும் வெளியே போக வேண்டும். அந்த ஒருவர் நான்தான். செவ்வாய்தோறும் பஸ் பிடித்துச் செம்பூர் போகிறேன். நான் உரக்க வாசிப்பேன், அவள் ஆங்கிலத் தாளை வைத்துக்கொண்டு வரிக்கு ஒரு விரல் மடக்குவாள்.

“சார், அஞ்சுதான் வந்துச்சு. மறுபடி வாசிங்க,” என்றாள் போன செவ்வாய்.

ஏஐ ஆறு வரியையும் சரியாகத்தான் எழுதியிருந்தது. ஒன்றைத் தாண்டிப் போனது நான்.